பாரம் இழுக்கும் டீசல் பிக்கப்புக்கு மாற்றுக் கிளட்சைத் தேர்ந்தெடுப்பது எப்படி

வட அமெரிக்காவில் டிரெய்லர் இழுக்கப் பயன்படும் கனரக டீசல் பிக்கப்புகளில், கையால் கியர் மாற்றும் வண்டி இன்று புதிதாகக் கிடைப்பதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2000-களின் நடுப்பகுதியிலும், ஃபோர்டு தன் சூப்பர் டியூட்டி வரிசையில் 2010 மாடலோடும், கடைசிவரை தாக்குப்பிடித்த ராம் 2018 மாடலோடும் அதை நிறுத்திவிட்டன. ஆகவே இன்று கிளட்ச் மாற்ற வேண்டியிருக்கும் வண்டி பெரும்பாலும் இரண்டு மூன்று கை மாறிய பழைய வண்டியாகவே இருக்கும். அதன் எஞ்சினில் முந்தைய உரிமையாளர் எரிபொருள் அளவைக் கூட்டியிருக்கிறாரா, உள்ளே இருப்பது தொழிற்சாலையில் பொருத்திய கிளட்ச்தானா என்பதெல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

இந்த நிலையில் கடைக்குப் போனால், ஒவ்வொரு கிளட்சும் இத்தனை குதிரைத்திறன் தாங்கும் என்ற எண்ணோடு விற்கப்படுவதைக் காணலாம். பாரம் இழுப்பவருக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. நெடுஞ்சாலையில் முழுவதும் பிடித்துக்கொண்டு சுழலும் கிளட்ச் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. நின்ற வண்டியையும் அதன் பின்னால் நிற்கும் டிரெய்லரையும் அசைத்துக் கிளப்பும் சில விநாடிகளில்தான் அது வழுக்குகிறது, சூடேறுகிறது, தேய்கிறது. எனவே இழுவை எடை எவ்வளவு, எந்தக் கியரில் கிளப்புகிறோம், எவ்வளவு சரிவில் கிளப்புகிறோம் என்ற மூன்றையும் வைத்துத்தான் கிளட்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. எஞ்சினின் உச்சத் திறன் அதற்கு அடுத்தபடியாகவே வருகிறது.

பழுது கிளட்சில்தானா?

வாங்குவதற்கு முன் பழுது எங்கே என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும், ஏனெனில் கியர்பாக்ஸை இறக்குவது சிறிய வேலையல்ல. ராம் வண்டிகளில் வந்த ஆறு கியர் என்வி 5600 மட்டுமே ஏறத்தாழ 360 பவுண்டு எடையுள்ளது. சோதிக்கும் முறை எளிது. டிரெய்லரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில் மேல் கியர் ஒன்றில் நிமிடத்துக்கு 1,500 சுற்று அளவில் ஓட்டிக்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பார்க்க வேண்டும். சுற்றுமானியின் முள்ளும் வண்டியின் வேகமும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் பிடிக்கிறது. வேகம் அப்படியே இருக்க முள் மட்டும் தாவினால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. இதை ஓரிரு முறைக்கு மேல் செய்யக் கூடாது, ஏனெனில் சோதனையே கிளட்ச் தட்டில் மீதமிருக்கும் லைனிங்கை, அதாவது உராய்வுப் பொருளை, தின்றுவிடும்.

கியர் விழ மறுப்பதும், ரிவர்ஸ் போடும்போது பற்கள் கரகரப்பதும் இதற்கு நேர்மாறான பழுதைக் காட்டுகின்றன. அங்கே கிளட்ச் முழுவதுமாக விடுபடுவதில்லை. குற்றம் பெரும்பாலும் பெடலின் அழுத்தத்தை எண்ணெய் வழியாகக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், அவற்றை இணைக்கும் குழாய், தேய்ந்துபோன பெடல் புஷ் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கும். ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளந்து, வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். இந்தப் பழுதுக்காகக் கிளட்சையே மாற்றிவிட்டு, அதன் பின்னும் கியர் விழவில்லை என்று தவிப்பவர்கள் குறைவில்லை.

கியர்பாக்ஸை இறக்கிய பிறகு பழைய தட்டை உடனே குப்பையில் போட்டுவிடக் கூடாது. லைனிங் எண்ணெயில் நனைந்திருந்தால் எஞ்சினின் பின்பக்க மெயின் சீலோ கியர்பாக்ஸின் முன்பக்க சீலோ ஒழுகுகிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு உயர்ந்த கிளட்சைப் போட்டாலும் அதுவும் வழுக்கும். எஞ்சினோடு சுழலும் கனச்சக்கரமான ஃப்ளைவீலிலும், கிளட்ச் தட்டை அதன்மீது அழுத்தும் பிரஷர் பிளேட்டிலும் நீலப் புள்ளிகளும் நுண் வெடிப்புகளும் இருந்தால் கிளட்ச் சூட்டில் செத்திருக்கிறது. நீலமே இல்லாமல் ஆணித்தலை வரை சீராகத் தேய்ந்திருந்தால், அது தன் ஆயுளை வாழ்ந்து முடித்த கிளட்ச்; அதே வகையைத் திரும்பப் போடுவதில் தவறே இல்லை. தட்டின் நடுவிலுள்ள ஸ்பிரிங்குகள் உடைந்திருந்தால், மிகக் குறைந்த சுற்றில் அதிக ஆக்சிலரேட்டர் கொடுத்து ஓட்டும் பழக்கத்தை முதலில் சந்தேகிக்கலாம்.

கிளட்ச் எவ்வளவு தாங்கும்?

கிளட்ச் தாங்கும் முறுக்குவிசையை நான்கு அளவுகளைப் பெருக்கிக் கண்டுபிடிக்கலாம்: உராய்வுப் பரப்புகளின் எண்ணிக்கை, லைனிங்கின் உராய்வுக் கெழு, பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, உராயும் வளையத்தின் சராசரி ஆரம். உதாரணத்துக்கு 13 அங்குலக் கிளட்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சராசரி ஆரம் 0.132 மீட்டர் என்றும், அழுத்தும் விசை 12,000 நியூட்டன் என்றும், சாதாரண ஆர்கானிக் லைனிங்கின் கெழு 0.3 என்றும் வைத்தால், தட்டின் இரு பக்கப் பரப்புகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 950 நியூட்டன்-மீட்டர், அதாவது 700 பவுண்டு-அடி வருகிறது. காகிதத்தில் இது தாராளமாகத் தெரியும். ஆனால் லைனிங் சூடேறும்போது கெழு விழுகிறது. அது 0.22 ஆனால் அதே கிளட்ச் 515 பவுண்டு-அடியைத்தான் தாங்கும்.

இந்த எண்ணை எஞ்சின்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும். 1998 நடுவில் வந்த 24 வால்வு கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சின், கையால் கியர் மாற்றும் டாட்ஜ் ராமில் 460 பவுண்டு-அடி முறுக்குவிசை கொடுத்தது. 2001-இல் என்வி 5600 கியர்பாக்ஸோடு வந்த கூடுதல் திறன் எஞ்சின் 505 கொடுத்தது. 2004-இன் நடுவில் அதே 5.9 லிட்டர் 600-ஐத் தொட்டது. நம் உதாரணக் கிளட்ச் குளிர்ந்த நிலையில் இவை அனைத்தையும் தாங்கும். சூடான நிலையில் 505-ஐ மயிரிழையில் தாங்கும், 600-இடம் தோற்றுவிடும். படகு இறக்கும் துறையிலிருந்து டிரெய்லரை ஏற்றிக்கொண்டு வந்தவுடன் நெடுஞ்சாலையில் நுழைந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்லிப் ஆகிறது, பாரம் இல்லாத நாள்களில் ஒன்றுமே இல்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எனவே எஞ்சினின் முறுக்குவிசைக்கு மேல் 35 முதல் 40 சதவீதம் கூடுதலாகத் தாங்கும் கிளட்சைப் பார்ப்பது நல்லது. 460 பவுண்டு-அடி எஞ்சினுக்கு ஏறத்தாழ 640, 600 பவுண்டு-அடி எஞ்சினுக்கு ஏறத்தாழ 830 என்று கணக்கு வரும். விற்பனையாளர் குதிரைத்திறனை மட்டும் சொன்னால், முறுக்குவிசையைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த எண் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கில் அளந்ததா, திறன் அளக்கும் கருவியான டைனோவின் உருளையில் பின்சக்கரத்தில் அளந்ததா என்றும் கேட்க வேண்டும். கியர்பாக்ஸிலும் அச்சிலும் இழப்பு இருப்பதால் சக்கரத்தில் அளக்கும் எண் எப்போதும் சிறியதாகவே இருக்கும். இரண்டையும் கலந்துவிட்டால் கணக்கு தப்பிவிடும். எஞ்சினில் எலக்ட்ரானிக் டியூனிங் செய்யப்பட்டிருந்தால், தொழிற்சாலை எண்ணை மறந்துவிட்டு டைனோவில் ஓட்டிப் பார்த்துவிடுவதே மேல்.

தேவைக்கு மிக அதிகமாக வாங்குவதும் பிழைதான். பிரஷர் பிளேட் எவ்வளவு பலமாக அழுத்துகிறதோ, அதை விடுவிக்கும் ஒவ்வொரு முறையும் அவ்வளவுக்கு எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முன்னோக்கித் தள்ளப்பட்டு அதன் த்ரஸ்ட் பேரிங் சுமக்கிறது. ரிலீஸ் பேரிங், ஃபோர்க், ஹைட்ராலிக் சிலிண்டர்கள், ஓட்டுநரின் முழங்கால் ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. மேலும், சற்றே வழுக்கிக் கொடுக்கும் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு ஒரு பாதுகாப்பு. பழைய ராம்களின் என்வி 4500 கியர்பாக்ஸில் ஐந்தாம் கியரைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்துபோவது பரவலாக அறியப்பட்ட குறை. அங்கே ஒருநாளும் வழுக்காத கிளட்சைப் போட்டு, ஐந்தாம் கியரில் குறைந்த சுற்றில் பாரத்தை இழுத்தால், அடுத்த செலவு கியர்பாக்ஸுக்குத்தான்.

கிளப்பும்போது எழும் வெப்பம்

சமதளத்தில் வண்டியைக் கிளப்பும்போது கிளட்சில் வெளிப்படும் வெப்பம், கிளட்ச் முழுவதும் பிடிக்கும் நொடியில் வண்டிக்கும் டிரெய்லருக்கும் இருக்கும் இயக்க ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமம். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே பல முடிவுகளுக்கு வந்துவிடலாம். 7,000 பவுண்டு பிக்கப்பும் 10,000 பவுண்டு டிரெய்லரும் சேர்ந்து 7,700 கிலோ. என்வி 4500-இன் முதல் கியர் விகிதம் 5.61, இரண்டாம் கியர் 3.04, பின் அச்சின் விகிதம் 3.54, சக்கரத்தின் ஆரம் 0.38 மீட்டர். எஞ்சின் 1,000 சுற்றில் இருக்கையில் கிளட்ச் பிடித்தால், முதல் கியரில் வண்டியின் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர், இரண்டாம் கியரில் 13 கிலோமீட்டர். வெப்பமோ முதல் கியரில் ஏறத்தாழ 15 கிலோஜூல், இரண்டாம் கியரில் 53 கிலோஜூல். ஒரே பாரம், ஒரே ஓட்டுநர், ஒரே கிளட்ச். கியர் ஒன்று மாறியதால் மட்டும் வெப்பம் மூன்றரை மடங்கு ஆகிறது.

இரண்டாம் கியரில் கிளப்புவது இந்த வண்டிகளில் பழகிப்போன வழக்கம். வெறும் வண்டிக்கு முதல் கியர் மிகத் தாழ்ந்தது என்பதால் அது நியாயமானதே. டிரெய்லர் மாட்டிய பிறகும் அதே வழக்கத்தைத் தொடர்பவருக்குத்தான் கிளட்ச் விரைவில் போகிறது. அவர் விலை உயர்ந்த கிளட்சைத் தேடுவதற்கு முன் முதல் கியரைத் தேடுவது சிக்கனம். டீசல் எஞ்சின் ஐட்லிங் சுற்றிலேயே போதிய முறுக்குவிசை தருவதால், சமதளத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே முதல் கியரில் பாரத்தை அசைத்துவிடலாம். 1,500 சுற்றுக்கு ஏற்றிவிட்டுக் கிளட்சை விடுபவர், 1,000 சுற்றில் விடுபவரைவிட இரண்டேகால் மடங்கு வெப்பத்தை உண்டாக்குகிறார்.

சரிவில் கணக்கு இன்னும் கடுமையாகிறது. அமெரிக்காவில் இழுவைத் திறனை அறிவிக்கப் பயன்படும் எஸ்ஏஇ ஜே 2807 தரநிலை, பாரம் மாட்டிய வண்டி 12 சதவீதச் சரிவில் நின்ற நிலையிலிருந்து ஐந்து நிமிடங்களுக்குள் ஐந்து முறை முன்னோக்கியும், அதேபோல் ஐந்து முறை பின்னோக்கியும் கிளம்ப வேண்டும் என்கிறது. நம் 7,700 கிலோவை அந்தச் சரிவில் முதல் கியரில் உருளாமல் பிடித்து நிறுத்தவே கிளட்ச் வழியாக 190 நியூட்டன்-மீட்டர் போக வேண்டும். கிளப்ப 300 கொடுத்தால், மீதமுள்ள 110 மட்டுமே வண்டியை முடுக்குகிறது. வழுக்கும் நேரம் நீண்டு, வெப்பம் 42 கிலோஜூல் ஆகிவிடுகிறது. இரண்டாம் கியரில் பிடித்து நிறுத்துவதற்கே 350 தேவை என்பதால், அதே 300-ஐக் கொடுத்தால் வண்டி அசையாது, கிளட்ச் மட்டும் எரியும். ஹாஃப் கிளட்சில் வண்டியைச் சரிவில் நிறுத்திவைப்பதும் இதே கதைதான். அதற்குக் கைப்பிரேக் இருக்கிறது.

அதே தரநிலையில் அரிசோனா மாநிலச் சாலை 68-இல் உள்ள டேவிஸ் டேம் ஏற்றத்தைக் குறைந்தபட்ச வேகத்தில் ஏறிக் காட்டும் சோதனையும் உண்டு. விளம்பரங்களில் அதிகம் பேசப்படுவது அதுதான். பதினோரு மைல் ஏற்றம் ரேடியேட்டரையும் எஞ்சினையும் சோதிக்கும். பிடித்துவிட்ட கிளட்சுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. கிளட்சைக் கொல்வது முகாம் மைதானத்தில் டிரெய்லரை இடத்துக்குள் பின்னோக்கித் தள்ளும் அரைமணி நேரம்தான். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியாக இருந்தால் அங்கே எல்லாக் கியர்களையும் இன்னும் தாழ்த்தும் லோ ரேஞ்ச் கைகொடுக்கும். இந்த ராம் வண்டிகளில் அதன் விகிதம் 2.72 என்பதால் கிளட்சின் வெப்பம் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது மட்டும் அதைப் பயன்படுத்தக் கூடாது. முன் பின் அச்சுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும்.

பின் அச்சின் விகிதத்தையும் பார்த்துவிட வேண்டும். 3.54-க்குப் பதிலாக 4.10 அச்சு இருந்தால் ஒவ்வொரு கிளப்புதலிலும் வெப்பம் ஏறத்தாழ 25 சதவீதம் குறைகிறது. மாறாக, பெரிய டயர்களைப் போட்டவர் அந்த ஆதாயத்தை இழந்து, அதற்கு மேலும் கிளட்சுக்குச் சுமை சேர்க்கிறார். பெரிய டயரும் 3.54 அச்சும் கனமான டிரெய்லரும் சேர்ந்த வண்டிக்குக் கிளட்ச் கேட்டு வருபவரிடம், நேர்மையான கடைக்காரர் முதலில் அச்சைப் பற்றித்தான் பேசுவார்.

லைனிங்

இழுவைக்கு அடிப்படைத் தேர்வு ஆர்கானிக் லைனிங்தான். அது மெதுவாகவும் அதிராமலும் பிடிக்கிறது, ஃப்ளைவீலை அரிப்பதில்லை, விலையும் குறைவு. பலவீனம் வெப்பம்: அளவுக்கு மீறிச் சூடானால் பிசின் கருகி, பரப்பு கண்ணாடிபோல் பளபளத்து, அதன் பிறகு குளிர்ந்தாலும் பழைய பிடிப்பு வருவதில்லை. செராமிக் பொத்தான்கள் அந்த வெப்பத்தைத் தாங்கும், சூட்டிலும் பிடியை விடுவதில்லை. ஆனால் அவை பிடிப்பது வெடுக்கென்றுதான். பாரமில்லாத வண்டியில் அது வெறும் எரிச்சல். டிரெய்லரைச் சில அங்குலங்கள் மட்டும் பின்னோக்கி நகர்த்தி ஹிட்ச் பந்தை நேராக்க வேண்டிய வேளையிலோ, அந்த உதறல் கியர்பாக்ஸ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், யூ ஜாயின்ட் எல்லாவற்றையும் தாக்கும். கெவ்லார் லைனிங் மென்மையாகப் பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் பழக்கும் காலம் அதிகம், ஒருமுறை கடுமையாகச் சூடானால் மீளாது. நகரப் போக்குவரத்தில் பாரம் இழுப்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒருபக்கம் ஆர்கானிக்கும் மறுபக்கம் செராமிக்கும் வைத்த கலப்புத் தட்டுகளும் கிடைக்கின்றன. ஓரளவு டியூன் செய்யப்பட்ட எஞ்சினோடு 12,000 பவுண்டுக்கு மேல் இழுப்பவருக்கு இவை நல்ல நடுவழி. எதை எடுத்தாலும் தட்டின் நடுவில் அதிர்வை வாங்கும் ஸ்பிரிங்குகள் இருக்க வேண்டும், அதுவும் பெரிய கனமான ஸ்பிரிங்குகளாக. ஸ்பிரிங் இல்லாத திடமான நடுப்பகுதி கொண்ட தட்டுகள் இழுவைப் பந்தய மைதானத்துக்கு உரியவை.

ஒரு தட்டா, இரண்டு தட்டா?

இரட்டைத் தட்டுக் கிளட்சில் உராய்வுப் பரப்பு நான்காகிறது. அதே அழுத்தத்தில் இரு மடங்கு முறுக்குவிசை, அல்லது பாதி அழுத்தத்தில் அதே முறுக்குவிசை. அதாவது பெடலைக் கனமாக்காமலேயே தாங்கும் திறனைக் கூட்டலாம், வெப்பமும் அதிக உலோகத்தில் பரவுகிறது. எஞ்சினின் முறுக்குவிசையே 800 பவுண்டு-அடியைத் தாண்டிய வண்டிக்கு, மிகக் கனமான ஸ்பிரிங் வைத்த ஒற்றைத் தட்டைவிட இதுவே சரியான வழி. விலை அதிகம் என்பது வெளிப்படை. பெடலை மிதித்திருக்கும்போது நடுவிலுள்ள மிதவைத் தட்டு கடகடக்கும். அந்தச் சத்தம் பழுதல்ல. விடுபடும் தூரம் இரண்டு தட்டுகளுக்கும் பங்கிடப்படுவதால், ஹைட்ராலிக் அமைப்பில் சிறு குறை இருந்தாலும் கிளட்ச் முழுவதும் விடாமல் இழுக்கும். வாங்கும்போது லைனிங் ஆர்கானிக்கா, செராமிக்கா என்று தனியாகக் கேட்க வேண்டும், ஏனெனில் இரட்டைத் தட்டுகள் பல பந்தயத்தை மனத்தில் வைத்தே செய்யப்படுகின்றன.

தொழிற்சாலை எஞ்சினோடு இழுப்பவருக்கு இரட்டைத் தட்டு தேவையில்லை. கிளட்ச் விட்டம் 12.25 அங்குலமாக உள்ள பழைய ராம் வண்டிகளில், ஃப்ளைவீலையும் சேர்த்து மாற்றி 13 அங்குலத்துக்குப் போவதே அவருக்குக் கிடைக்கும் சிறந்த மேம்பாடு. விட்டம் கூடினால் ஆரமும் கூடுகிறது, வெப்பம் பரவும் பரப்பும் கூடுகிறது, பெடலோ ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் கிளட்ச் போன்ற நிறுவனங்கள் இந்த மாற்றத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் விற்கின்றன.

ஃப்ளைவீல்

ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் இசட்எஃப் ஆறு கியர் பெட்டிகளோடும், 2005-இன் நடுவிலிருந்து ராம்களில் வந்த ஜி 56 பெட்டியோடும் இரட்டை நிறை ஃப்ளைவீல் வந்தது. உள்ளே ஸ்பிரிங்குகளால் இணைக்கப்பட்ட இரண்டு பகுதிகள், எஞ்சினின் துடிப்பைக் கியர்பாக்ஸுக்குப் போகாமல் விழுங்கும். ஆறு சிலிண்டர் எஞ்சின் 750 சுற்றில் நிற்கும்போது விநாடிக்கு 37.5 துடிப்புகள் வருகின்றன. அவற்றை அது அமைதிப்படுத்துகிறது. ஆனால் கனமான பாரமும் கூட்டப்பட்ட முறுக்குவிசையும் சேர்ந்தால் அந்த உள் ஸ்பிரிங்குகள்தான் முதலில் போகும். பழுதானால் முழுவதையும் மாற்ற வேண்டும், விலையும் அதிகம். ஆகவே பலர் ஒற்றை நிறை ஃப்ளைவீலுக்கு மாறுகிறார்கள்.

மாறுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொண்டு மாற வேண்டும். நியூட்ரலில் கிளட்ச் பெடலை விட்டு நிற்கும்போது கியர்பாக்ஸுக்குள் கற்கள் உருளுவது போன்ற சத்தம் எழும். பெடலை மிதித்தால் அடங்கிவிடும். பற்களின் இடைவெளியில் எஞ்சினின் துடிப்பு ஆடும் சத்தம் அது. ஜி 56-இல் இது குறிப்பாகப் பெரிதாகக் கேட்கும். கனமான ஃப்ளைவீலும் நல்ல ஸ்பிரிங்குள்ள தட்டும் அதைக் குறைக்கும், ஒழிக்காது. அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர், தொழிற்சாலை முறுக்குவிசையோடு மிதமான பாரம் மட்டும் இழுப்பவராக இருந்தால், லுக் நிறுவனத்தின் இரட்டை நிறை ஃப்ளைவீலையே திரும்பப் போட்டுக்கொள்வது அவருக்கு நிம்மதி. மற்றவர்கள் ஒற்றை நிறைக்கு மாறுவதே சரி. எடை குறைந்த ஃப்ளைவீல் எதையும் இழுவை வண்டிக்கு வாங்கக் கூடாது. பாரத்தை அசைக்கும் நொடியில் எஞ்சின் அணையாமல் காப்பது அந்த எடைதான்.

ஏற்கெனவே ஒற்றை நிறை ஃப்ளைவீல் உள்ள வண்டியில், வெடிப்பு இல்லையென்றால் அதையே பட்டறையில் கொடுத்து கிரைண்டிங் செய்துகொள்ளலாம். கிரைண்டிங் செய்யாமல் புதுத் தட்டைப் போடும் சிக்கனம் வேண்டாம்.

பொருந்துமா என்று பார்த்தல்

ஆண்டு, எஞ்சின், கியர்பாக்ஸ் ஆகிய மூன்றையும் சொல்லித்தான் கிளட்சைக் கேட்க வேண்டும், ஏனெனில் ஒரே ஆண்டின் ராமில் இரண்டு வெவ்வேறு கியர்பாக்ஸ்கள் வந்ததுண்டு. என்வி 4500-இன் உள்வரும் தண்டு 1.25 அங்குலம்; ஆனால் அதை 1.375 அங்குலத் தண்டாக மாற்றும் வழக்கம் பரவலாக இருப்பதால், முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கிறாரா என்பதைத் தண்டை அளந்தே உறுதிசெய்ய வேண்டும். தட்டின் நடுத்துளையும், தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கும் அந்த அளவையே சார்ந்தவை.

கனமான பிரஷர் பிளேட்டுக்கு மாறுபவர் ஹைட்ராலிக் அமைப்பையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. ராம் வண்டிகளில் மாஸ்டரும் ஸ்லேவும் எண்ணெய் நிரப்பி மூடிய ஒரே தொகுப்பாக விற்கப்படுவதால் இது எளிய வேலை. ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், ஃபோர்க்கின் தாங்குபந்து, பின்பக்க மெயின் சீல், ஃப்ளைவீல் போல்ட்டுகள் எல்லாம் கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே புதிதாகப் போடப்பட வேண்டியவை; இவற்றின் மொத்த விலை, இன்னொரு முறை இறக்குவதற்கான கூலியில் ஒரு பகுதிகூட இல்லை.

எதை வாங்குவது?

எஞ்சின் தொழிற்சாலை நிலையிலேயே இருந்து, டிரெய்லர் 10,000 பவுண்டுக்குள் இருந்து, பழைய கிளட்ச் நீண்ட நாள் உழைத்துச் சீராகத் தேய்ந்திருந்தால், லுக் அல்லது சாக்ஸ் போன்ற நிறுவனத்தின் தொழிற்சாலைக்கு நிகரான ஆர்கானிக் கிளட்சே போதும். மிச்சமாகும் பணத்தை ஹைட்ராலிக்கிலும் சீல்களிலும் போடலாம். எஞ்சின் 600 பவுண்டு-அடி அளவில் இருந்து, பிக்கப்பின் சரக்குத் தளத்திலேயே மாட்டும் ஐந்தாம் சக்கர டிரெய்லரோ கூஸ்நெக்கோ மாட்டி 12,000 முதல் 16,000 பவுண்டு வரை அடிக்கடி இழுப்பவருக்கு, 13 அங்குல ஒற்றைத் தட்டு, ஆர்கானிக் அல்லது கலப்பு லைனிங், கனமான ஒற்றை நிறை ஃப்ளைவீல் என்ற சேர்க்கை பொருந்தும். டியூனிங்கால் முறுக்குவிசை 800-ஐத் தாண்டிவிட்டது, ஆனாலும் இழுத்தே ஆக வேண்டும் என்பவர், ஸ்பிரிங் உள்ள ஆர்கானிக் இரட்டைத் தட்டுக்குப் போக வேண்டும்; அல்லது பாரம் மாட்டும் நாள்களில் டியூனிங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை என்றாலும் அதைக் கேட்பவர் குறைவு.

எந்தக் கிளட்சைப் போட்டாலும் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடைக்கு உற்பத்தியாளர் விதித்த உச்சவரம்பு மாறுவதில்லை. பிரேக், அச்சு, சேஸிஸ் எல்லாம் பழையவைதாம்.

பொருத்துதலும் பழக்குதலும்

தட்டின் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்பது தட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். தலைகீழாகப் போட்டால் கிளட்ச் விடுபடாது. பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஃப்ளைவீலிலும் பிரஷர் பிளேட்டிலும் பூசியிருக்கும் துருத் தடுப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு, அதன் பிறகு கிரீஸ் பட்ட கையால் தொடாமல் இருக்க வேண்டும். தண்டின் வரிப் பற்களுக்குக் கிரீஸ் மிக மெல்லியதாகப் போதும். மிஞ்சுவது சுழன்று லைனிங்கில்தான் தெறிக்கும். கியர்பாக்ஸை ஏற்றுவதற்கு அதற்குரிய ஜாக்கியே வேண்டும். உள்வரும் தண்டு தட்டுக்குள் பாதி நுழைந்த நிலையில் கியர்பாக்ஸின் எடை தொங்கினால் தட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும், முதல் நாளிலிருந்தே கிளட்ச் உதறும்.

பழக்குவதற்கு உற்பத்தியாளர்கள் சொல்லும் தூரம் வேறுபடும். 500 மைல் என்பது பரவலான அளவு. அது நின்று நின்று ஓடும் நகர ஓட்டமாக இருக்க வேண்டும், ஏனெனில் நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓடும் மைல்களில் லைனிங் பழகுவதில்லை. அந்தக் காலத்தில் டிரெய்லரை மாட்டக் கூடாது, முழு ஆக்சிலரேட்டரும் கூடாது. அதன் பிறகு முதன்முறை மாட்டும்போது இலகுவான டிரெய்லரோடு, சமதளத்தில், முதல் கியரில், ஐட்லிங் சுற்றில் கிளப்பிப் பார்க்க வேண்டும். கருகும் வாடையோ உதறலோ இல்லையென்றால் அடுத்த பயணத்தில் முழுப் பாரத்தையும் மாட்டலாம்.